டார் வேட்டைக்குக் கூப்பிடுகிறார்கள், என் கணவர் போகலாமா?

நியூசிலாந்தின் தென் தீவிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம் இது. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கியிருக்கிறேன்.

சகோதரிக்குச் சொந்த ஊர் வால்பாறைப் பக்கம். கணவர், பதினான்கு வயது மகன் என்று மூன்று பேர். ரெசிடென்ட் விசா கைக்கு வந்து இன்னும் ஓராண்டு ஆகவில்லை. கணவரோடு வேலை பார்க்கும் உள்ளூர்க்காரர் ஒருவர் ஜூன் மாதம் மலையில் டார் என்ற காட்டு ஆட்டின் வேட்டைக்குக் கூப்பிட்டிருக்கிறார். அவரிடம் இரண்டு துப்பாக்கி இருக்கிறது, ஒன்றை இரவல் தருவாராம். மகனையும் கூட்டிவரச் சொல்லியிருக்கிறார். "அரசாங்க நிலம், அரசாங்கமே ஒழிக்க நினைக்கிற மிருகம், இதற்கெல்லாம் யார் லைசென்ஸ் கேட்கப் போகிறார்கள்?" என்பது கணவரின் வாதம். வரும் இறைச்சியில் தமிழ்ச் சங்க விழாவுக்குப் பிரியாணி போட்டு டிக்கெட் விற்கலாம், கொம்பைப் பொள்ளாச்சியில் இருக்கும் அப்பாவுக்கு அனுப்பலாம் என்றுகூடத் திட்டம் போட்டுவிட்டார்.

சகோதரிக்கு மனசு ஒப்பவில்லை. "அரசுப் பேருந்து ஓட்டுநரின் மகள் நான். ஆழியாறு மலைப்பாதை வளைவுகளில் அப்பா வண்டியை ஓரங்கட்டி வரையாட்டைக் காட்டுவார். அதே ஆட்டைச் சுட என் வீட்டுக்காரர் கிளம்புகிறார்" என்று எழுதியிருக்கிறார். இது சட்டப்படி சரியா, விசாவுக்குச் சிக்கல் வருமா, இந்த ஆடுகளைப் பிடித்து இமயமலைக்கே அனுப்பக் கூடாதா, நான் இதைத் தடுக்க முடியுமா என்பவை அவருடைய கேள்விகள். கையெழுத்துக்கு மேலே சின்னதாக இன்னொன்று: போன வருடம் வேலை போனபோது கணவர் மன அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிட்டார், இப்போது தானாக நிறுத்திவிட்டார். "இதையும் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது."

அன்புள்ள சகோதரி,

நான்கு பக்கக் கடிதத்தில் அந்தக் கடைசி வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. அதற்குக் கட்டாயம் வருகிறேன். நீங்கள் கேட்டவற்றுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் இருவரிடமும் சில தவறான எண்ணங்கள் இருக்கின்றன. உங்கள் கணவருடையவை ஆபத்தானவை. உங்களுடையது ஒன்றுதான், அதுவும் பாசத்தில் வந்தது.

அது உங்கள் ஊர் ஆடு இல்லை

நீங்கள் வால்பாறையில் பார்த்தது நீலகிரி வரையாடு. தமிழ்நாட்டின் மாநில விலங்கு. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இயற்கையாக இல்லை. 2025 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பகுதியில் 1,303 இருந்தன. இங்கே டார் என்று சொல்வது இமயமலை ஆடு. இரண்டும் ஒரே பேரினம் என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 2005இல் வந்த மரபணு ஆய்வு நம் வரையாட்டைச் செம்மறி வம்சத்துக்கும் இமயமலை டாரை வெள்ளாட்டு வம்சத்துக்கும் நெருக்கமானவை என்று பிரித்துவிட்டது. செங்குத்துப் பாறையில் நிற்கும் தோரணை ஒன்றாக இருக்கும். சொந்தம் தூரம்.

இந்த மலைகளுக்கு டார் தானாக வரவில்லை. இங்கிலாந்தில் பெட்ஃபோர்டு பிரபு தன் பண்ணையில் வளர்த்ததில் சிலவற்றை நியூசிலாந்து அரசுக்கு அன்பளிப்பாகத் தந்தார். 1904இல் மவுண்ட் குக் பக்கத்தில் அவற்றை அவிழ்த்துவிட்டார்கள். சீமான்கள் வேட்டையாட வருவார்கள், நாட்டுக்கு வருமானம் கிடைக்கும் என்பது கணக்கு. அந்தக் காலத்தில் இது ஒரு பைத்தியமாகவே பிடித்திருந்தது. 1907இல் ஆஸ்திரியப் பேரரசர் ஷாமுவா மலையாடுகளை அனுப்பினார். அதற்கும் முன்னால், 1870களிலேயே இலங்கையிலிருந்து நம் மிளா இங்கே வந்து சேர்ந்துவிட்டது, இன்றும் வட தீவில் சில இடங்களில் அதன் சந்ததி இருக்கிறது. 1930 வாக்கில்தான் விபரீதம் உறைத்தது. சட்டப் பாதுகாப்பை நீக்கினார்கள், கூலிக்குச் சுடும் ஆட்களை அரசே மலைக்கு அனுப்பத் தொடங்கியது.

விபரீதம் என்ன என்று கேட்பீர்கள். இந்தத் தீவுகளில் இயற்கையாக இருந்த தரைப் பாலூட்டி வௌவால் மட்டும்தான். மோவா மாதிரிப் பெரும் பறவைகள் இலை தழை தின்றன என்றாலும், குளம்பு வைத்த மந்தை எதையும் இந்தச் செடிகள் பார்த்ததில்லை. உயரத்தில் வளரும் பனிப்புல் தூர்கள் மெதுவாக வளர்பவை. கிடை போட்டதுபோல் டார் கூட்டம் ஒரே சரிவில் நாள்கணக்கில் நின்று மேய்ந்தால், தூர் அடிமட்டம் வரை கடிபட்டு, இடையில் மண் தெரியும். மழைக்கும் பனிக்கும் அந்த மண் நிற்காது. மவுண்ட் குக் லில்லி என்று உங்கள் மகனின் பள்ளிப் புத்தகத்தில் படம் போட்டிருப்பார்களே, அந்தப் பெரிய வெள்ளைப் பூச்செடியும் இவற்றுக்குப் பிடித்த தீனி.

பிடித்து இமயமலைக்கு அனுப்புவது நடக்காது. டார் நடமாடும் பகுதி சுமார் 7 லட்சம் ஹெக்டேர். பல இடங்களில் மனிதன் நிற்கவே முடியாது. உயிரோடு பிடிக்கப் போனால் பல பாறையிலிருந்து விழுந்து சாகும். மீதியை அனுப்பினால், நூறாண்டுக்கு மேல் வேறு மண்ணில் வளர்ந்த மந்தை அங்குள்ள ஆடுகளுக்கு என்ன நோயைக் கொண்டுபோகும் என்ற கேள்வி வரும். அந்த இமயமலையிலேயே இந்த இனம் அருகும் நிலையை நெருங்கிக்கொண்டிருக்கிறது என்பது கசப்பான வேடிக்கை. பிறந்த இடத்தில் காப்பாற்றப் பாடுபடுகிறார்கள், வந்த இடத்தில் குறைக்கப் பாடுபடுகிறார்கள். இரண்டுமே சரி என்பதுதான் என் கருத்து.

அரசின் 1993ஆம் ஆண்டுத் திட்டம் மொத்தம் 10,000 டாருக்கு மேல் போகக் கூடாது என்கிறது. 2010களின் கடைசியில் மதிப்பிட்டபோது அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் இருந்தன. அப்புறம்தான் ஹெலிகாப்டரிலிருந்து சுடுவதை வேகப்படுத்தினார்கள். வேட்டைக்காரர்கள் கொதித்துப்போய் 2020இல் உயர் நீதிமன்றம் வரை போனார்கள். கலந்தாலோசனை சரியாக நடக்கவில்லை என்று நீதிமன்றம் சொன்னது, சுடுவதே தவறு என்று சொல்லவில்லை. யார் சுட்டுக் குறைப்பது, எத்தனையை விட்டுவைப்பது என்பதுதான் இன்று வரைக்கும் இங்கே சண்டை. குறைக்க வேண்டும் என்பதில் பெரிய சண்டை இல்லை.

இதில் உங்கள் கணவருக்கும் ஒரு சேதி இருக்கிறது. "நாட்டுக்கு நல்லது செய்யப் போகிறோம்" என்று சொல்கிறாராம். பிடரி மயிர் காற்றில் பறக்க, கொம்போடு நிற்கும் கிடாயைத்தான் வேட்டைக்குப் போகிறவர்கள் தேடுகிறார்கள். படம் அதில்தான் நன்றாக வரும். ஆனால் ஒரு கிடாய் பல பெட்டைகளோடு சேரும். பத்துக் கிடாயைச் சுட்டாலும் மிச்சம் இருக்கும் ஒன்று போதும், அடுத்த நவம்பரில் எல்லாப் பெட்டையும் குட்டி போடும். எண்ணிக்கை குறைய வேண்டுமானால் பெட்டையைச் சுட வேண்டும். அதற்கு மனசு வருமா என்று அவரைக் கேட்டுப் பாருங்கள். கொம்புக்காகப் போகிறேன் என்று சொன்னால் அது ஒரு பொழுதுபோக்கு, இந்நாட்டில் குற்றமில்லை. காட்டைக் காக்கும் சேவை என்று மட்டும் சொல்ல வேண்டாம்.

அரசாங்க நிலம் என்றால்

நியூசிலாந்தின் மொத்த நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இயற்கைப் பாதுகாப்புத் துறை நிர்வகிக்கிறது. எல்லோரும் 'டாக்' என்று சொல்வது அதைத்தான். நம் ஊரில் 1972 சட்டத்துக்குப் பிறகு காட்டில் வேட்டை என்றாலே குற்றம் என்று ரத்தத்தில் ஊறியிருக்கிறது, அதனால் இங்கே தேசியப் பூங்காவுக்குள்ளேயே துப்பாக்கியோடு ஆள் நடப்பதைப் பார்த்தால் திகைப்பாக இருக்கும். 1977ஆம் ஆண்டுக் காட்டு விலங்குக் கட்டுப்பாட்டுச் சட்டம் மான், டார், ஷாமுவா, காட்டுப்பன்றி, காட்டு ஆடு முதலியவற்றை இறக்குமதியாகிப் பரவிய விலங்குகளாகவே பார்க்கிறது. பொது மக்கள் சுட்டுக் குறைப்பதை அனுமதிக்கிறது. அனுமதிக்கிறது என்றால், அனுமதிச் சீட்டோடு.

டாக் தளத்தில் வேட்டைப் பெர்மிட் இலவசமாகக் கிடைக்கும். வேட்டையாடும் ஒவ்வொருவரும் தன் பெயரில் வைத்திருக்க வேண்டும். நண்பருடைய பெர்மிட்டில் உங்கள் கணவர் தொற்றிக்கொள்ள முடியாது. எந்தப் பகுதி என்று அதில் எழுதியிருக்கும், அந்த எல்லையைத் தாண்டி அடுத்த ஆட்டுப் பண்ணைக்குள் கால் வைத்தால் அனுமதியில்லாத வேட்டை, அதற்குச் சிறை வரைக்கும் தண்டனை உண்டு. மலையில் வேலியெல்லாம் இருக்காது. எல்லையை வரைபடத்தில் பார்த்து வைத்திருப்பது வேட்டைக்காரனின் பொறுப்பு. இரவில் விளக்கடித்துச் சுடக் கூடாது. மலைக் குடில், முகாம், நடைபாதை, சாலை இவற்றின் பக்கத்தில் சுடக் கூடாது. குடிலுக்குள் நுழையும்போது குண்டை எடுத்துவிட்டு, துப்பாக்கியின் அடைப்புப் பகுதியான போல்ட்டைக் கழற்றித் தனியாக வைக்க வேண்டும். ஹூக்கர்–லாண்ட்ஸ்பரோ, ஆடம்ஸ் போன்ற வனப்பகுதிகளில் இணைசேரும் பருவத்தில் ஹெலிகாப்டரில் போய் இறங்கக் குலுக்கலில் இடம் விழ வேண்டும். ஜூன் என்று நண்பர் சொன்னது அந்தப் பருவம்தான். எந்த இடம், எப்படிப் போகிறோம் என்று கேட்டால் அவர் எவ்வளவு ஒழுங்கான ஆள் என்பது தெரிந்துவிடும்.

ஜூன் மாதம் என்பதால் இன்னொன்று. அது நடுக்குளிர். பொழுது சீக்கிரம் சாயும், சரிவில் பனி இறுகிக் கண்ணாடி மாதிரி இருக்கும், பனிச்சரிவும் வரும். டார் நிற்பது பாறை விளிம்பில். குண்டு பட்டதும் அப்படியே சாய்ந்து, பாறைக்குப் பாறை மோதிக்கொண்டு கீழே ஓடைக்குள் போய் விழும். அதை எடுக்க இறங்குகிறேன் என்று இறங்கியவர்கள் திரும்பாமல் போயிருக்கிறார்கள். வாழ்க்கையில் முதல் வேட்டைக்கு யாராவது டாரைத் தேர்ந்தெடுத்தால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். தாழ்வான குன்றுகளில் காட்டு ஆட்டிலிருந்து ஆரம்பிப்பதுதான் இங்கே வழக்கம்.

இரவல் துப்பாக்கியும் உங்கள் விசாவும்

இங்கேதான் உங்கள் கணவர் பெரிய குழியில் காலை விடப் பார்க்கிறார். மிருகத்தைச் சுட லைசென்ஸ் தேவையில்லை என்று அவர் நினைப்பது ஒரு கோணத்தில் சரி, டாக் பெர்மிட் போதும். ஆனால் துப்பாக்கியைக் கையில் வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும். 2019 மார்ச் 15 அன்று கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேர் கொல்லப்பட்ட பிறகு ஆயுதச் சட்டம் மிகவும் இறுகிவிட்டது. பெரும்பாலான செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கிகளுக்குத் தடை வந்தது. 2023 ஜூன் முதல் யாரிடம் எந்தத் துப்பாக்கி என்று பதிவேடு இருக்கிறது. லைசென்ஸ் இல்லாதவருக்குத் துப்பாக்கி தருவதும் குற்றம், வாங்கி வைத்திருப்பதும் குற்றம். நண்பரும் மாட்டுவார், உங்கள் கணவரும் மாட்டுவார்.

ஒரே ஒரு விலக்கு உண்டு. லைசென்ஸ் வைத்திருப்பவரின் உடனடி மேற்பார்வையில் இன்னொருவர் சுடலாம். உடனடி என்றால் கையெட்டும் தூரத்தில், எந்த நொடியிலும் துப்பாக்கியைத் தன் கட்டுப்பாட்டில் எடுக்கக்கூடிய நிலையில் அவர் இருக்க வேண்டும். மேற்பார்வை பார்க்கிறவர் அதே நேரத்தில் தன் துப்பாக்கியால் வேட்டையாடிக்கொண்டிருக்கக் கூடாது. ஆக, இரண்டு பேர், ஒரு துப்பாக்கி. "நீ அந்த முகட்டுக்குப் போ, நான் இந்தப் பக்கம் வருகிறேன்" என்று ஆளுக்கொரு துப்பாக்கியோடு பிரிந்தால் அந்த நிமிடமே சட்டம் மீறப்பட்டுவிட்டது. உங்கள் மகனுக்கும் இதே விதிதான். 16 வயதுக்கு முன் லைசென்ஸ் கிடையாது. அவனும் சுட வேண்டுமானால் இன்னொரு லைசென்ஸ்தாரர் அவன் தோள் பக்கத்தில் நிற்க வேண்டும். நண்பர் ஒருவர்தான் லைசென்ஸ் உள்ளவர் என்றால், அப்பாவும் பிள்ளையும் ஒரே நேரத்தில் சுடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

"பிடித்தால் அபராதம் கட்டிவிடலாம்" என்றும் அவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். குடிவரவுச் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. ரெசிடென்ட் விசா முதலில் கிடைத்து இரண்டு ஆண்டுக்குள் செய்த குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டால், அந்தக் குற்றத்துக்கு நீதிமன்றம் மூன்று மாதமோ அதற்கு மேலோ சிறை விதிக்க முடியும் என்றாலே நாடுகடத்தலுக்கு உள்ளாகலாம். கவனியுங்கள், சிறை விதித்திருக்க வேண்டியதில்லை. விதிக்க முடியும் என்பதே போதும். நூறு டாலர் அபராதத்தோடு நீதிபதி விட்டாலும் குடிவரவுத் துறையின் கடிதம் வீட்டுக்கு வரலாம். லைசென்ஸ் இல்லாத துப்பாக்கியும் அனுமதியில்லாத வேட்டையும் அந்த வரம்பைத் தாண்டும் குற்றங்கள். தீர்ப்பாயத்தில் மனிதாபிமான அடிப்படையில் முறையிட வழி உண்டு, ஆனால் மாதக்கணக்கில் தூக்கம் போகும், பணமும் போகும். உங்களுக்கு விசா வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. உங்கள் கணவரிடம் காட்ட வேண்டிய பத்தி இதுதான். ஆயுதச் சட்டமும் குடிவரவுச் சட்டமும் அடிக்கடி திருத்தப்படுகின்றன. எதையும் செய்யும் முன் அன்றைய விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரியாணியும் கொம்பும்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேட்டையில் கிடைத்த இறைச்சியை விற்கக் கூடாது, பண்டமாற்றும் கூடாது. நீங்கள் சமைத்துச் சாப்பிடலாம், வீட்டுக்கு வந்தவர்களுக்குப் போடலாம். டிக்கெட் வைத்துச் சங்க விழாவில் பரிமாறினால் அது விற்பனை. சங்கத் தலைவரையும் சேர்த்து இழுத்துவிடும், வேண்டாம்.

சாப்பிடுவதற்கு முன்னும் ஒன்று பார்க்க வேண்டும். எலி, போசம் (மரத்தில் வாழும் ஒரு பைப்பாலூட்டி) முதலியவற்றைக் கொல்ல 1080 என்ற நஞ்சைக் காட்டில் போடுவார்கள். எந்தப் பகுதியில், எப்போது போட்டார்கள் என்பதை டாக் வெளியிடுகிறது. அந்தப் பகுதியிலும் அதை ஒட்டியும் கிடைத்த இறைச்சியைத் தொடாதீர்கள். ஈயக் குண்டு என்றால் காயத்தைச் சுற்றிக் கை அகலத்துக்கு வெட்டி எறிய வேண்டும். கண்ணுக்குத் தெரியாத துகள் தூரம் வரை சிதறியிருக்கும், குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அது கெடுதல்.

கொம்பைப் பொள்ளாச்சிக்கு அனுப்பும் யோசனையை இன்றே மறக்கச் சொல்லுங்கள். இமயமலை டார் இந்தியாவின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது. இங்கே சட்டப்படி சுட்டதாகவே இருக்கட்டும். அங்கே சுங்கத்தில் பெட்டியைத் திறப்பவருக்கும், நாளைக்கு உங்கள் மாமனார் வீட்டுச் சுவரில் அதைப் பார்க்கும் வனத்துறை அதிகாரிக்கும் அது அட்டவணை விலங்கின் கொம்பு. வயதான காலத்தில் அவரை வனத்துறை அலுவலகத்துக்கு அலையவிட வேண்டுமா?

நீங்கள் தடுக்க முடியுமா?

மனைவியின் சம்மதம் வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனால் உங்கள் சொல்லுக்கு நீங்கள் நினைப்பதைவிட மதிப்பு இருக்கிறது. துப்பாக்கி லைசென்ஸுக்கு விண்ணப்பித்தால், பாதுகாப்புத் தேர்வும் பயிற்சி வகுப்பும் முடிந்த பிறகு, விண்ணப்பித்தவர் அதற்குத் தகுந்த ஆள்தானா என்று விசாரிப்பார்கள். வீட்டில் ஆயுதத்தைப் பூட்டிவைக்க இடம் இருக்கிறதா, குண்டுகள் தனியாகப் பூட்டப்படுமா என்று வந்து பார்ப்பார்கள். கணவன் அல்லது மனைவியையும், குடும்பம் சாராத இன்னொருவரையும் கேள்வி கேட்பார்கள். வீட்டில் கோபம், அடிதடி, குடி, மன நலம், எல்லாம் கேட்பார்கள். இது முடிய மாதங்கள் ஆகும். அதனால் ஜூனுக்குள் லைசென்ஸ் என்பது அநேகமாக நடக்காத காரியம்.

அப்படிக் கேட்கும்போது உண்மையைச் சொல்லுங்கள். வரையாட்டின் மேல் இருக்கும் பாசத்தால் இல்லாததைச் சேர்க்க வேண்டாம். குடும்ப மானம் போகும் என்று இருப்பதை மறைக்கவும் வேண்டாம். விண்ணப்பத்தில் பொய் சொல்வது தனிக் குற்றம். மன அழுத்தத்துக்குச் சிகிச்சை எடுத்தவருக்கு லைசென்ஸே கிடைக்காது என்று பலர் பயந்து மறைக்கிறார்கள். அப்படி விதி இல்லை. சிகிச்சை எடுத்தார், மருத்துவர் பார்த்துக்கொள்கிறார், இப்போது நிலை சீராக இருக்கிறது என்றால் அது அவருக்குச் சாதகமாகவே அமையலாம். மறைத்தது பிறகு தெரிந்தால்தான் பாதகம்.

இப்போது அந்தக் கடைசி வரி. மாத்திரையைத் "தானாக நிறுத்திவிட்டார்" என்று எழுதியிருக்கிறீர்கள். மருத்துவருக்குத் தெரியுமா என்று எழுதவில்லை. எனக்கு மருத்துவம் தெரியாது. ஆனால் குடும்ப வழக்குகளும் மரண விசாரணைக் கோப்புகளும் பார்த்திருக்கிறேன் என்பதால் ஒன்றைத் தயங்காமல் சொல்கிறேன். மனச்சோர்வு இருந்த, அது திரும்பி வரக்கூடிய ஒரு வீட்டில் துப்பாக்கி இருப்பது, காட்டில் நடக்கக்கூடிய எந்த விபத்தையும்விடப் பெரிய ஆபத்து. ஒரு மோசமான இரவைக் கடப்பதற்கும் கடக்காமல் போவதற்கும் வித்தியாசம், அந்த நேரத்தில் கையெட்டும் தூரத்தில் என்ன இருந்தது என்பதாகவே பல நேரம் இருக்கிறது. அதனால் டார் பாவமா, இல்லையா என்ற வாதத்தை ஒதுக்கி வையுங்கள். மருத்துவர் சரி என்று சொல்லும் வரை வீட்டுக்குள் துப்பாக்கி வேண்டாம் என்பதில் மட்டும் உறுதியாக இருங்கள். இதைச் சொல்ல உங்களுக்கு எல்லா உரிமையும் இருக்கிறது, பதினான்கு வயதுப் பையன் இருக்கும் வீடு.

அவர் பக்கமும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வேலை போய், புது இடத்தில் சேர்ந்து, அங்கே ஒருவர் "எங்களோடு வா" என்று முதன்முதலாகக் கூப்பிட்டிருக்கிறார். இந்த ஊரில் வேட்டைக்குக் கூப்பிடுவது வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுவதைவிடப் பெரிய விஷயம். அவர் ஆசைப்படுவது ஆட்டைச் சுடுவதற்கா, அந்தக் கூட்டத்தில் ஒருவனாக இருப்பதற்கா என்பது எனக்குச் சந்தேகம்தான். நேரடியாக "போகாதே" என்று நீங்கள் சொன்னால் வீம்புக்குப் போவார். "துப்பாக்கியைத் தொடாமல் போய்வாருங்கள், சாப்பாடு கட்டித் தருகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். கூட நடப்பதற்கும் தொலைநோக்கியில் பார்ப்பதற்கும் இறைச்சி சுமந்துவருவதற்கும் லைசென்ஸ் தேவையில்லை. அதுவும் டார் மலையில் வேண்டாம், பனியில்லாத ஒரு மாதத்தில், தாழ்வான இடத்தில். பையனை இப்போதைக்கு விட்டுவிடச் சொல்லுங்கள்.

உங்கள் மனசுக்கும் ஒரு வார்த்தை. கொல்வது பாவம் என்று நீங்கள் நினைப்பதை மாற்ற நான் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஆட்டுக்கறி உண்டு என்று நீங்களே எழுதியிருப்பதால், அந்தக் கணக்கை உங்களிடமே விட்டுவிடுகிறேன். வேட்டைக்குப் போகாமலேயே இந்த மலைக்கு ஏதாவது செய்ய வேண்டுமென்றால், பல ஊர்களில் எலி, ஸ்டோட் (கீரி போன்ற ஒரு சிறு ஊனுண்ணி), போசம் பிடிக்கும் பொறிகளைப் பார்த்துக்கொள்ளத் தன்னார்வலர்களைத் தேடுகிறார்கள். 2050க்குள் இவற்றை ஒழிப்பது என்று 2016இல் அரசு அறிவித்த திட்டத்தின் பகுதி அது. அதிலும் சாவு உண்டு என்பதை மறைக்க மாட்டேன். பொறியில் செத்த எலியை எடுத்துப் போட வேண்டியிருக்கும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது இரண்டு. மகன் பள்ளிக்குப் போன நேரத்தில், சண்டை இல்லாத ஒரு வேளையில், மாத்திரை நிறுத்தியது பற்றிக் கணவரிடம் பேசி, அவரைக் குடும்ப மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். அவர் மறுத்தால் நீங்கள் மட்டும் போய் மருத்துவரிடம் சொல்லலாம், சொல்வதைக் கேட்டுக்கொள்ள அவருக்குத் தடையில்லை. ராத்திரியில் மனசு பதறினால் 1737 என்ற எண்ணுக்கு அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம், இலவசம், அவருக்கும் சரி, உங்களுக்கும் சரி. உயிருக்கு ஆபத்து என்று பட்டால் யோசிக்காமல் 111. இரண்டாவது, நண்பரிடம் இரவல் துப்பாக்கி வேண்டாம் என்று கணவரை எழுத்தில், ஒரு மெசேஜாகச் சொல்லச் சொல்லுங்கள். அது அலைபேசியில் இருக்கட்டும்.